மடத்துச் சீப்பு

எனக்குப் பொறாமைக் குணம் கொஞ்சம் அதிகம். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது, வீட்டில் உள்ளவர்களுக்கு எப்படியும் தெரியும். என் கணவர் அடுத்த வீட்டுப் பூனைக்கு ஒரு மீன்தலையை அன்போடு எறிந்தால்கூட, நான் சமைத்த கறிக்கு அந்த முகம் ஏன் வரவில்லை என்று எனக்கு வயிறு எரியும். இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று அம்மா அடிக்கடி ஆச்சரியப்படுவார். அப்பாவின் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கும் என்பது அவருடைய முடிவு. உண்மையில் அது ஓர் ஓகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை, தலவில வேதக்கோயிலிலிருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு தென்னந்தோட்டத்துக்குள் வைத்து, அம்மாவின் கையால்தான் எனக்கு வந்து சேர்ந்தது.

அம்மா மடத்தில் வளர்ந்தவர். வெள்ளைக்காரச் சிஸ்டர்மார் எந்தக் காலத்திலோ வந்து கடற்கரையோரமாகக் கட்டிய பெண்பிள்ளைகள் இல்லம் அது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளும், தகப்பனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வளர்க்க வழியற்றுப்போன வீட்டுப் பிள்ளைகளுமாகக் கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை பல ஊர்ப் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் ஒரே மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். எங்கள் ஊரில் அதை யாரும் இல்லம் என்று சொன்னதில்லை. மடம் என்றால் அது ஒன்றுதான்.

கடல் கரையை அரித்துக்கொண்டு கிட்ட வந்தபோது சிஸ்டர்மார் பிள்ளைகளை வேறு இடங்களுக்கு அனுப்பிவிட்டு மடத்தை மூடினார்கள். நான் பிறப்பதற்கு முன்பே கூரை ஓடும் கதவும் போய்விட்டன. மிச்சமிருந்த செங்கல்லை ஊர்ச்சனம் ஆளுக்குக் கொஞ்சமாகக் கழற்றிக்கொண்டு போனது. எங்கள் ஊரில் பல வீட்டுக் குசினிகளில் மடத்துச் செங்கல் இருக்கிறது. களவெடுத்தது என்று ஒருவரும் சொல்வதில்லை, ஞாபகத்துக்காக வைத்திருக்கிறோம் என்பார்கள்.

எங்கள் வீட்டில் செங்கல் இல்லை, சீப்பு இருந்தது. அலுமாரியில், அம்மாவின் கல்யாணச் சேலைக்குக் கீழே, ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். கறுத்த மரத்தில் செய்த, பல் தடித்த, இடைவெளி அகன்ற சீப்பு. மடத்தை விட்டு வரும்போது பெரிய பிள்ளைகளுக்குக் கொடுத்து அனுப்புவார்களாம். அதை நான் தொடக்கூடாது. கேட்டால், "அது மடத்துச் சீப்பு, உனக்கில்லை" என்று ஒரே பதில். எனக்கென்று இருந்தது ரோசா நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் சீப்பு. அதற்கு நடுவில் பல் உடைந்திருந்தது. உடைந்த பல் என் தலையில்தான் உடைந்தது.

என் தலைமயிர் சுருட்டை. அதில் எங்கள் கரையின் உப்புக் காற்றும் மணலும் சேர்ந்தால் தும்புக்கட்டைதான், வாசல் கூட்டலாம். காலையில் பாடசாலைக்கு இரட்டைப் பின்னல் பின்ன வேண்டும். அம்மா கதிரையில் இருந்து, என்னைக் கீழே இருத்தி, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் அமுக்கிப் பிடித்துக்கொள்வார். பிறகு இழுப்பார். வலையில் சிக்கெடுக்கும் அப்பாகூட அந்த வேகத்தில் இழுத்து நான் பார்த்ததில்லை. நான் "ஐயோ அம்மா" என்று கத்துவேன். "ஆடாத" என்பார். இன்னும் இழுப்பார். இன்னும் கத்துவேன். எதிர்வீட்டில் இருந்த அப்பாவின் தங்கச்சி, அதாவது என் மாமி, மணிக்கூடு வாங்காமலே காலம் தள்ளினார். என் சத்தம் கேட்டால்தான் தன் பிள்ளைகளை எழுப்புவார். இப்படித்தான் எல்லா அம்மாமாரும் வாருவார்கள், அம்மா என்ற சொல்லோடு சேர்ந்து வருவதுதான் இந்த நோவு என்று நான் நினைத்திருந்தேன். அதனால் அம்மாவின் மேல் எனக்குப் பெரிய குறை இருக்கவில்லை. வேறு விதமாக வாரவும் அவருக்குத் தெரியும் என்று அந்தச் சனிக்கிழமைதான் கண்டுபிடித்தேன்.

தலவிலப் பெருநாளுக்கு ஓகஸ்ட்டில் எங்கெங்கிருந்தோ சனம் வரும். கூடாரம் அடித்து, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, நாள்கணக்கில் தங்கும். மடத்தில் வளர்ந்தவர்களும் அப்படி வருவார்கள். பெருநாளுக்கு முந்திய சனிக்கிழமை எல்லோரும் மடம் இருந்த இடத்தில் கூடுவது வழக்கம். "மடத்துப் பிள்ளைகள் கூடுகினம்" என்றுதான் அம்மா சொல்லுவார். அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பேரப்பிள்ளை இருந்தது. ஒவ்வொரு வருசமும் என்னை மாமி வீட்டில் விட்டுவிட்டு அம்மா போவார். அந்த வருசம் அன்றைக்கென்று பார்த்து மாமி கொழும்புக்குப் போயிருந்தார். வேறு வழியில்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் அப்போது நாலாம் வகுப்பு.

அன்று காலையே எனக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. அப்பா கொண்டுவந்த இறாலில் பெரியதாகப் பார்த்துத் தெரிந்தெடுத்து, மிளகாயும் வெங்காயமும் போட்டுப் பொரித்து, வாளியில் அடைத்து வைத்திருந்தார் அம்மா. நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "அது அங்க கொண்டுபோக" என்றார். எனக்கு முதல்நாள் மீன்குழம்பும் பாணும். அலுமாரியைத் திறந்து வெள்ளைத் துணியோடு சீப்பை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார். அதையும் பார்த்துக்கொண்டுதான் பாணைச் சாப்பிட்டேன்.

கற்பிட்டி பஸ்ஸில் போய் இறங்கி, தென்னந்தோட்டத்துக்குள்ளால் மணலில் நடந்தோம். அப்பாவும் வந்தார். கடல் சத்தம் கேட்கும் தூரத்தில் ஒரு ஒற்றைத் தூண் நின்றது. அப்பா அதற்குக் கிட்டப் போனதும் நின்றுவிட்டார். அங்கே ஏற்கெனவே நாலைந்து ஆம்பிளைகள் தென்னை நிழலில் சாக்கு விரித்துக் கடதாசிச் சீட்டு விளையாடிக்கொண்டு இருந்தார்கள். எல்லோரும் மடத்துப் பிள்ளைகளின் கணவன்மார்.

"நீங்க வரேல்லையா அப்பா?" என்று கேட்டேன்.

"கேற்றுக்கு அங்கால ஆம்பிளையள் வரக்கூடாது" என்றார் அப்பா.

கேற் எங்கே என்று பார்த்தேன். தூண் மட்டும்தான் இருந்தது. அதிலும் ஒன்று. அந்தச் சட்டத்தைப் போட்ட சிஸ்டர் செத்துப் பல காலம். அப்பா கடலில் எந்தக் காற்றுக்கும் பயப்படாதவர். இல்லாத கேற்றுக்கு வெளியே சப்பாத்தைக் கழற்றிவிட்டு மரியாதையாக இருந்துவிட்டார்.

உள்ளே மடம் இல்லை. இடுப்பளவு சுவர் ஒரு மூலையில், சீமெந்துத் தரை ஆங்காங்கே திட்டுத் திட்டாக, பெரிய கிணறு ஒன்று, அதைச் சுற்றி நீளமான இரண்டு படி. அவ்வளவுதான். அதற்குள்ளே பெண்கள் கூட்டமாக நடமாடினார்கள். அவர்கள் நடந்த விதம்தான் எனக்குப் பிடிபடவில்லை. நேராகப் போகக்கூடிய இடத்துக்கு வளைந்து போனார்கள். வெறும் மணலில் சடக்கென்று நின்று திரும்பினார்கள். நான் அம்மாவிடம் போவதற்குக் குறுக்கே ஓடினேன்.

"அதால வராத பிள்ள, அது சுவர்" என்று ஒரு குரல். பல் விழுந்த ஒரு பெரியக்கா. அம்மாவைவிட மிகவும் மூத்தவர்.

"எங்க சுவர்?"

"நீ நிக்கிற இடம்தான். வாசல் அங்கால இருக்கு. சுத்தி வா."

சுற்றிப் போனேன். எனக்கு இல்லாத சுவர் அவர்கள் எல்லோருக்கும் இருந்தது. அம்மாவும் அந்த வாசலால் குனிந்துதான் வந்தார். நிலை தாழ்வாம். செபக்கூடம் இருந்த இடத்தில் ஒரு கழுதை நின்றது. எங்கள் பக்கத்தில் கழுதைக்குப் பஞ்சமில்லை. பெரியக்கா கையைத் தட்டி, "வாசலால போ, வாசலால போ" என்று அதைக் கலைத்தார். கழுதை சுவர் எதையும் பொருட்படுத்தாமல் பீடத்துக்கு மேலால் நடந்து போனது. அன்று அந்த இடத்தில் என் பக்கம் நின்ற ஒரே சீவன் அதுதான்.

அதற்குப் பிறகுதான் ஒரு மனுசி வந்தார். மீன் ஏற்றும் வான் ஒன்றில் வந்து இறங்கினார். சிலாபத்துச் சந்தையில் மீன் விற்பவர், அகன்ற ஆள், கழுத்தில் தடித்த சங்கிலி, நடந்தால் மணல் புதையும். "சீனி அக்கே" என்று தூரத்திலிருந்தே இழுத்துக் கூப்பிட்டார். சிலாபத்துப் பக்கம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். யாரைக் கூப்பிடுகிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். என் அம்மா ஓடினார். என் அம்மா ஓடி நான் முதல் தடவையாகப் பார்த்தது அப்போதுதான். அடுப்பில் பால் பொங்கி வழியும்போதுகூட நடந்து போகிறவர் அவர். இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அம்மாவின் சேலைத்தலைப்பு மணலில் கிடந்தது. நான் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இது ஆர், மகளா?" என்று அந்த மனுசி என் கன்னத்தைக் கிள்ளினார். கையில் மீன் மணம்.

"சின்னம்மா எண்டு சொல்லு" என்றார் அம்மா.

நான் சொல்லவில்லை. அம்மாவுக்கு சீனி என்று ஒரு பெயர் இருப்பது இந்த மனுசிக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அந்தக் கோபம்.

கிணற்றடிப் படியில் எல்லோரும் போய் இருந்தார்கள். மேல்படியில் சிலர், கீழ்ப்படியில் சிலர். யாரும் யாருக்கும் இடம் காட்டவில்லை, அவரவர் இடம் அவரவருக்குத் தெரிந்திருந்தது. மடத்தில் ஒரு வழக்கம் இருந்ததாம். புதிதாகச் சின்னப் பிள்ளை ஒன்று வந்தால், சிஸ்டர் அதை ஒரு பெரிய பிள்ளையிடம் ஒப்படைப்பார். குளிக்க வார்ப்பது, தலை வாருவது, மீனில் முள் எடுத்துக் கொடுப்பது எல்லாம் அந்தப் பெரிய பிள்ளையின் பொறுப்பு. அந்தச் சிலாபத்துச் சின்னம்மாதான் என் அம்மாவின் சின்னப் பிள்ளை. அவர் கீழ்ப்படியில் இருந்து கொண்டையை அவிழ்த்தார். நரை விழுந்த நீண்ட மயிர். அம்மா மேல்படியில் இருந்து, வெள்ளைத் துணியைப் பிரித்து, சீப்பை எடுத்தார்.

நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அம்மா முதலில் உள்ளங்கையில் எண்ணெய் விட்டுத் தேய்த்துச் சூடாக்கினார். பிறகு மயிரை வேரோடு ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் நுனியிலிருந்து வாரத் தொடங்கினார். சிக்கு வந்த இடத்தில் நின்று, சீப்பை வைத்துவிட்டு, விரலால் ஒவ்வொரு இழையாகப் பிரித்தார். அவசரமே இல்லை. முகத்தைச் சாய்த்து, காதுக்குப் பக்கத்தில் வரும் மயிரை ஊதுவதுபோல் மெதுவாக எடுத்தார். அந்த மனுசி கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். படி முழுவதும் அப்படித்தான், ஒரு சத்தம் இல்லை. கிழவிகள் கிழவிகளுக்குத் தலை வாரிக்கொண்டு இருந்தார்கள். கடல் மட்டும் இரைந்தது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தக் கை என் தலையில் இருக்கும் அதே கைதான். அதே வளையல், பெருவிரலில் அதே கத்திக்காயம். அந்தக் கைக்கு இப்படியும் வாரத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் எனக்கு வாரவில்லை. வயிற்றில் சுமந்து பெற்ற எனக்கு உடைந்த பிளாஸ்டிக் சீப்பு, எங்கிருந்தோ மீன் வானில் வந்த மனுசிக்கு மரச்சீப்பும் சூடான எண்ணெயும். இறாலும் அவருக்காகத்தான் இருக்க வேண்டும். இறாலை நினைத்ததும் கண்ணீர் வந்துவிட்டது.

அந்த அமைதிக்குப் பெரியக்கா காரணம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்த யாரோ ஒருவரின் மருமகளிடம் சொன்னார். காலையில் இந்தப் படி நிறையச் சின்னதுகள் இருக்குமாம். ஒன்றின் தலையில் சீப்பு இழுபட்டு அது 'அம்மா' என்று கத்திவிட்டால் போதுமாம். பக்கத்தில் இருப்பதும் தொடங்கிவிடும். அதற்கடுத்ததும் தொடங்கிவிடும். பிறகு படி முழுவதும் அம்மா, அம்மா என்று அழுகை. சிஸ்டராலும் நிற்பாட்ட முடியாது. கஞ்சி ஆறிப்போகும், செபம் பிந்தும். அதனால் சிஸ்டர் ஒரு சட்டம் போட்டார். எந்தச் சின்னப் பிள்ளை கத்துகிறதோ, அதன் பெரிய பிள்ளைக்கு அன்று தேத்தண்ணியில் சீனி இல்லை.

"உங்கட அம்மா சீனியில பைத்தியம்" என்று பெரியக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "அதாலதான் அந்தப் பேர். ஒரு நாளும் சீனியை விட்டதில்லை. அவவின்ர பிள்ளை ஒரு நாளும் கத்தினதில்லை."

இது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அப்படியென்றால் அன்பு ஒன்றும் இல்லை, எல்லாம் சீனிக்காகத்தான். ஆனால் இப்போது சிஸ்டரும் இல்லை, சட்டமும் இல்லை. வீட்டில் போத்தல் நிறையச் சீனி இருக்கிறது. அம்மாவின் கை மட்டும் இன்னும் மெதுவாகத்தான் போய்க்கொண்டு இருந்தது.

நான் என் றிபனை அவிழ்த்தேன். இரண்டு பின்னலையும் பிரித்து, தலையை நன்றாக உலுப்பிக் கலைத்துக்கொண்டு, போய் அந்த மனுசிக்குப் பக்கத்தில் கீழ்ப்படியில் இருந்தேன்.

"எனக்கும்" என்றேன்.

"உனக்குக் காலையில வாரினதுதானே" என்றார் அம்மா. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இந்தச் சீப்பால."

"இது மடத்துப் பிள்ளையளுக்கு."

"அப்ப என்னையும் மடத்தில விடுங்கோ" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். "நானும் மடத்துப் பிள்ளையா இருக்கப்போறன். எனக்கு வீடு வேணாம்."

படியில் எல்லாச் சீப்பும் நின்றது. அம்மாவின் கையும் நின்றது. அடி விழப்போகிறது என்று நான் கழுத்தைச் சுருக்கிக்கொண்டேன். விழவில்லை. யாரும் ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்கு விளங்கவில்லை, ஆனால் இருந்த இடத்திலேயே நான் சின்னதாகிப் போனேன்.

"மடம்தான் இல்லையே பிள்ள" என்றார் அம்மா கடைசியில். குரல் வழமைபோல்தான் இருந்தது.

சின்னம்மா எழும்பினார். அம்மாவின் கையிலிருந்து சீப்பை வாங்கிக்கொண்டு மேல்படியில் இருந்து, "வா மகள், நான் வாரிவிடுறன்" என்று என்னைத் தன் பக்கம் இழுத்தார். எனக்கு அவர் வேண்டாம். ஆனால் சீப்பு வேண்டும். போய் இருந்தேன்.

நோகவே இல்லை. அம்மா வாரிய அதே விதம், வேரைப் பிடித்து நுனியிலிருந்து. சிக்கு எல்லாம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. ஆசைப்பட்ட சீப்பு என் தலையில் இருக்கிறது, எனக்கோ வேறு யாருடைய தலையையோ வாருவதுபோல் இருந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு கிணற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"அம்மா வாரினா எப்பிடி?" என்று கேட்டார் சின்னம்மா.

"நோகும்."

"நொந்தா என்ன செய்வாய்?"

"கத்துவன்."

"என்னெண்டு கத்துவாய்?"

இது என்ன கேள்வி என்று நினைத்தேன். "ஐயோ அம்மா எண்டுதான்."

"கத்தினா?"

"இன்னும் இழுப்பா."

படி முழுவதும் சிரித்தது. பெரியக்கா பல் இல்லாத வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சின்னம்மாவும் சிரித்தார் என்றுதான் நினைத்தேன், அவர் மடியில் சாய்ந்திருந்த என் முதுகு குலுங்கியது. ஆனால் என் கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. எண்ணெய் என்று துடைத்துக்கொண்டேன்.

"கத்து மகள்" என்றார். "நல்லாக் கத்து."

இது எந்த ஊர்ப் புத்திமதி? கத்தாதே, ஆடாதே என்றுதான் பெரியவர்கள் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

சாப்பாட்டுக்கு வாழை இலை விரித்தார்கள். நான் ஓடிப் போய் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கத்தில் ஒட்டி இருந்தேன். மற்றப் பக்கத்தில் சின்னம்மா. அம்மா பாரைமீன் துண்டை உடைத்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, சின்னம்மாவின் இலையில் வைத்தார். மீன் வெட்டியே சீவிக்கிற மனுசி அவர். எத்தனை ஆயிரம் பாரையை அறுத்திருப்பார். வாயைத் திறந்து, "முள் இல்லையா அக்கே?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட்டார். என் இலையில் முள்ளோடு விழுந்தது. "பாத்துச் சாப்பிடு" என்றார் அம்மா. அவ்வளவுதான். இறாலும் கிடைத்தது, ஆனால் அதற்குள் ஆறிப் போயிருந்தது.

அப்போதுதான் நான் அந்தப் பார்வையைப் பிடித்தேன். நான் அம்மாவின் கையை இழுத்து, அதில் ஒட்டியிருந்த சோற்றை என் வாயால் எடுத்தேன். வீட்டில் அப்படிச் செய்வேன், அம்மா கையை உதறுவார். உதறினார். சின்னம்மா பார்த்துக்கொண்டு இருந்தார். பார்த்த விதம் எனக்குத் தெரிந்த விதம். காலையிலிருந்து நான் அவரைப் பார்த்தது அப்படித்தான். பொறாமை எனக்குத் தெரியாத சாமானா? ஆனால் அவருக்கு என்னத்துக்கு? சீப்பு அவருக்கு, எண்ணெய் அவருக்கு, முள் இல்லாத மீன் அவருக்கு. எனக்குக் கிடைத்தது ஓர் உதறல். அதைப் பார்த்து ஒருவர் பொறாமைப்பட என்ன இருக்கிறது? இந்த மனுசிக்கு ஆசை அடங்காது போல என்று நினைத்து, அம்மாவை இன்னும் கொஞ்சம் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா முன்னால் நின்றார். எனக்கும் அம்மாவுக்கும் இடம் கிடைத்தது. சீப்பு மறுபடி வெள்ளைத் துணிக்குள் போய்விட்டது. மாம்புரி தாண்டும்வரை வாயை இறுக்கிக்கொண்டு இருந்தேன். பிறகு தாங்கவில்லை.

"எனக்கு ஏன் அப்பிடி வாருறேல்ல?"

அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"உனக்கு என்னத்துக்கு?" என்றார். "நீ கத்தலாம்தானே."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு என் தோளில் தலையைச் சாய்த்து நித்திரையாகிவிட்டார். நான் ஆடாமல் இருந்து யோசித்தேன். பங்கு பிரித்ததில் அந்த மனுசிக்கு அம்மாவின் கை முழுவதும் போய்விட்டது. எனக்குக் கிடைத்தது கத்துவதற்கு அனுமதி. இதைவிட அநியாயம் உலகத்தில் இருக்குமா என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். கத்தாத பிள்ளைக்குத்தான் அந்தக் கை என்றால், நானும் கத்தாத பிள்ளையாக இருப்பேன்.

திங்கட்கிழமை காலை அம்மா கதிரையில் இருந்தார். நான் ரோசாச் சீப்பை நானே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்க் கீழே இருந்தேன். முழங்கால் இரண்டும் வந்து அமுக்கின. முதல் இழுவை விழுந்தது. பல்லைக் கடித்தேன். இரண்டாவது விழுந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. சத்தம் வரவில்லை. சிலாபத்துச் சின்னம்மாவைப் போல் கண்ணை மூடிக்கொண்டு, கையை மடியில் வைத்து, மடத்துப் பிள்ளை மாதிரியே இருந்தேன்.

சீப்பு நின்றது.

"என்ன, சத்தத்தைக் காணேல்ல?" என்றார் அம்மா.

அம்மா என் நாடியைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். அப்படி அவர் என் முகத்தைப் பார்த்ததில்லை. காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கை நெற்றிக்கும் போய் வந்தது. நான் வாயை இன்னும் இறுக்கிக்கொண்டேன். வெல்லப்போகிறேன், இப்போது எழும்பிப் போய் அலுமாரியைத் திறப்பார் என்று நினைத்தேன்.

அம்மா எழும்பவில்லை. என் தலையை மறுபடி திருப்பி, உச்சியில் ஒரு கொத்து மயிரைப் பிடித்து, வேண்டுமென்றே, பலமாக ஓர் இழுவை இழுத்தார்.

"ஐயோ அம்மா!" என்று கத்தினேன். ஒழுங்கை முழுவதும் கேட்டிருக்கும்.

"ஓம் மகள்" என்றார் அம்மா. "இங்கதான் இருக்கிறன்."

எதிர்வீட்டில் மாமி பிள்ளைகளை எழுப்பத் தொடங்கினார். அம்மா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு மிச்சத் தலையையும் வழமைபோல் இழுத்து வாரிப் பின்னிவிட்டார். வேண்டுமென்றே என்னை நோகடித்துவிட்டு ஒரு மனுசிக்கு எப்படி இவ்வளவு சந்தோசம் வரும் என்று எனக்கு விளங்கவேயில்லை. பாடசாலை விட்டு வந்தும் நான் அம்மாவோடு கதைக்கவில்லை.